வார்க்காத முகங்கள்

கதவுப் பிடியில் எண்ணெய் இருந்தது.

அதிகமில்லை, விரல் வழுக்கும் அளவுக்குத்தான். தலைக்கு எண்ணெய் வைத்த கையைக் கழுவாமல் யாரோ திறந்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று லோஜனா நினைத்தாள். உள்ளங்கையை மோந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய். காறிப்போன பழைய எண்ணெய் அல்ல. செக்கிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகாத, கொப்பரா மணம் மாறாத எண்ணெய். இந்தப் பட்டறையில் எண்ணெய் நிறையப் புழங்கிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் அதைப் புழங்கிய மனிதர், சிற்பி தம்பையா மாஸ்டர், செத்து ஒன்பது வருடமாகிறது. அவர் சிலை செய்த இடத்துக்கு இப்போது வேலி அடித்து, பெயர்ப்பலகை போட்டு, அவருடைய சாமான்களைக் காட்சிக்கு வைத்து, நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். லோஜனா கையைச் சால்வை நுனியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

துறைமுகத்துப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் கடைசிக் கட்டடம் அது. முன்னொரு காலம் கப்பல் சாமான் அடுக்கிய கிட்டங்கி. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கும் மேலே. மார்கழி மழை காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. திருகோணமலை மான்களுக்கு வெட்கம் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். பஸ் நிலையத்துக்குள் வந்து நிற்கும், கடைவாசலில் வாழைப்பழத் தோலுக்குத் தலையை நீட்டும், மழை வந்தால் யார் வீட்டுத் தாழ்வாரமென்றும் பாராமல் ஏறிப் படுக்கும். அன்று ஏழெட்டு மான்கள் ஒழுங்கையின் மறுபக்கத்து மதிலோரம் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றன. இந்தப் பக்கம் நூதனசாலையின் அகன்ற தாழ்வாரம் ஈரமே படாமல் காலியாகக் கிடந்தது.

உள்ளே, மேசைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மாஸ்டரின் மனைவி சிவபாக்கியம் இருந்தாள். நூதனசாலைக்குக் காவலும் அவள்தான், வழிகாட்டியும் அவள்தான். கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"எங்கயிருந்து வாறீங்கள்?"

"சாம்பல்தீவு."

"ஆரைப் பாக்க?"

நூதனசாலைக்கு வந்தவளிடம் இப்படியும் கேட்பார்களா? லோஜனா கையிலிருந்த பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். "சும்மா பாக்க வந்தனான், அன்ரி."

"சும்மா இஞ்ச ஒருத்தரும் வாறேல்லை." சிவபாக்கியத்தின் பார்வை காலை விட்டு எழவில்லை. "பையை இதில வையுங்கோ. அதென்ன கையில?"

"சாப்பாட்டுப் பெட்டி. எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிட வேணும்."

பொய். சீனி வருத்தம் அவளுக்கில்லை, அவளுடைய அம்மாவுக்கு. பெட்டிக்குள் இருந்ததும் சாப்பாடல்ல. உப்பைக் கூடப் போட்டு இறுக்கிக் குழைத்த கோதுமை மா. லோஜனா பட்டினத்தில் ஒரு பேக்கரியில் பாணுக்கு மா குழைக்கிறவள். எந்த மா எதைத் தாங்கும், எது இளகும், எது விரல் பட்ட அடையாளத்தைக்கூடக் காயும் வரைக்கும் விடாமல் வைத்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பாடம்.

அவள் வந்தது தம்பியின் முகத்தை எடுத்துப் போக.

நிலக்சனைச் சுனாமி கொண்டுபோனபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. அவனோடு வீடு போனது, வள்ளம் போனது, அல்பம் போனது. உடம்பு கிடைக்கவில்லை. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. படம் மிஞ்சியிருந்தாலும் இப்போது பிரயோசனமில்லை. சீனி வருத்தம் அம்மாவின் இரண்டு கண்ணையும் எடுத்து நாலு வருடமாகிறது. கண் போன பிறகு அம்மா ஆட்களைக் கையால்தான் பார்த்தாள். பின்னேரம் வேலையால் வரும் லோஜனாவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை தடவி, இன்றைக்கு ஏன் இப்படி வாடிப்போய் இருக்கிறாய் என்று சரியாகச் சொல்லுவாள். போன கிழமை ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு முழுக்க அம்மா அழுதாள். சாகப் போவதற்காக அழவில்லை. "என்ர கைக்கு அவன்ர முகம் மறந்து போச்சு, பிள்ளை," என்றாள். "உன்ரய தடவினால் உன்ரதான் வருது. அவன்ரய ஒருக்காத் தொட்டிட்டுப் போனால் போதும்."

அப்போதுதான் லோஜனாவுக்கு அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. அந்த அலை வருவதற்கு ஒரு மாதம் முந்தி, கடற்கரைக் கோயில் ஒன்றுக்குப் பாலமுருகன் சிலை செய்யத் தம்பையா மாஸ்டர் முகம் தேடித் திரிந்தார். நிலக்சனைக் கண்டு, இந்த முகம்தான் வேணும் என்று பிடித்துக்கொண்டார். இதே பட்டறையில் அவனை வாங்கில் கிடத்தி, முகமெல்லாம் தேங்காயெண்ணெய் பூசி, மூச்சுக்கு மூக்குத் துவாரங்களில் பப்பாசி இலைத் தண்டு இரண்டைச் செருகி, வெள்ளைச் சாந்தைக் கரைத்து ஊற்றினார். சாந்து இறுகும்போது சுடும். அவன் அக்காவின் கையைப் பிடித்தபடி கிடந்தான். தண்டு வழியாக அவனுடைய மூச்சு விசிலடித்ததைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அச்சு எங்கேயாவது இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

நூதனசாலையை நடத்துகிறவர்களிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தாள். இருக்கிறது என்றார்கள். படி எடுக்க விடமாட்டோம், தொடவும் விடமாட்டோம் என்றார்கள். விடாவிட்டால் என்ன? களவு எடுப்பதென்றால் பொருள் குறைய வேண்டும். ஒரு பிடி மாவை அமத்தி எடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

"அச்சறை உள்ளுக்கோ, அன்ரி?"

சிவபாக்கியம் குனிந்தபடியே உள்பக்கமாகத் தாடையை அசைத்துக் காட்டினாள்.

"அவர் ஒரு அச்சில ஒருக்காத்தான் வார்ப்பார்," என்றாள் பிறகு. "வார்த்து முடிஞ்ச உடன சுத்தியலால அடிச்சு நொருக்கிப்போடுவார். உள்ள இருக்கிறதுகள் வார்க்காததுகள். ஆள் செத்தது, ஊரை விட்டுப் போனது, ஓடர் நிண்டது, அப்பிடியானதுகள். இத்தனை வருசமா வெறுமையாக் கிடக்குதுகள்." கைகளைப் பிரித்து மறுபடி கோத்தாள். "அஞ்சு மணிக்குப் பூட்டிடுவன். வந்து கூப்பிடமாட்டன்."

முன்கூடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் உளிகள், சுரண்டிகள், மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி. சுவரில் அவர் செய்த சிலைகளின் படங்கள். லோஜனா அவற்றைப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு நடந்தாள். முன்கூடத்தில் எண்ணெய் மணம் இலேசாக இருந்தது. அச்சறைக்குப் போகும் குறுகலான நடையில் கூடியது. அச்சறையின் வாசலில் அது நெஞ்சை அடைத்தது.

வாசலில் ஒரு அறிவித்தல் தொங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதியிருக்க வேண்டும். அச்சின் உட்குழிவில் தெரியும் முகம் தூரத்திலிருந்து பார்க்கும்போது வெளியே புடைத்தது போலத் தோன்றும் என்றும், பார்ப்பவர் நடந்தால் அந்த முகமும் அவரோடு கூடவே திரும்பும் என்றும், இது வெறும் கண்மயக்கம், பயப்படத் தேவையில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. கடைசி வரியைப் போடாமல் விட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று லோஜனா நினைத்தாள்.

உள்ளே போனாள்.

மூன்று சுவரிலும், மேலிருந்து கீழ்வரை, வெள்ளைக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் கண்மூடிய ஒரு முகம். கிழவர், குமரி, மீசைக்காரர், கைக்குழந்தை ஒன்றுகூட. அவள் ஒரு அடி வைத்ததும் அத்தனை முகமும் அவள் பக்கமாகக் கொஞ்சம் திரும்பின. எழுதியிருந்ததுதான். கண்மயக்கம்தான். ஆனாலும் அவளுக்கு உடம்பு கூசியது. செத்த வீட்டுக்குப் பிந்தி வந்தவளைக் கண்டதும் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற சனம் போல இருந்தது அது. ஒருவர் முகத்திலும் வா என்ற குறியில்லை. சாந்து பூசும்போது கண்ணையும் வாயையும் இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும், இவர்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் போகவில்லை.

சுவரோரமாக நடந்து பெயர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு அச்சுக்குக் கீழும் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. கிளிவெட்டி, இலங்கைத்துறை, மூதூர். அவள் நடக்க முகங்களும் கூடவே வந்தன. அவள் நின்றாள்.

அவை ஒரு கணம் பிந்தி நின்றன.

லோஜனா அசையாமல் நின்றாள். மழைச் சத்தம். தூரத்தில் துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதி ஓய்ந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொல்லுவாள். கண்ணும் களைத்துப் போயிருக்கிறது, விடிய மூன்று மணிக்கு எழும்பி மா குழைத்தவள்தானே? இன்னும் ஒரு அடி வைத்துப் பார்ப்போமா என்று நினைத்தாள். வைக்கவில்லை. வைக்கப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது.

மின்சாரம் நிற்பது திருகோணமலைக்குப் புதிதல்ல. காற்றோடு மழை பெய்தால் நிற்கும். மாலை நாலரைக்கே அறை கருக்கலாகிவிட்டது. மேல் ஜன்னலால் வந்த சாம்பல் வெளிச்சம் கூரையோடு நின்றுகொண்டது. லோஜனா கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டாள். போட்டது பிழை. வெளிச்சம் ஆடும்போதெல்லாம் குழிகளுக்குள் நிழல் ஆடியது. நிழல் ஆட, மூடிய இமைகளுக்குப் பின்னால் கண்கள் உருளுவது போலிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு பெயர்களை மட்டும் படித்தாள். பெயர், ஊர். பெயர், ஊர்.

நிலக்சன், சாம்பல்தீவு.

தலையை உயர்த்தினாள். மேல்வரிசைப் பல் ஒன்று முன்னுக்குத் தள்ளி, அதனால் மேலுதடு சற்று எழும்பியிருக்கும் அந்த வாய். அவன்தான். பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அவளுக்குள்ளும் மங்கி மங்கி வந்த முகம் அச்சொட்டாக எதிரே இருந்தது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அச்சை ஆணியிலிருந்து கழற்றி, நடுவே கிடந்த மாஸ்டரின் வேலைமேசையில் மல்லாத்தினாள்.

அச்சு சூடாக இருந்தது.

இளஞ்சூடு. சாந்து இறுகும்போது வரும் அதே சூடு. லோஜனா கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். கல்லுக் கட்டடம், புழுக்கம், என்னவோ. வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். பெட்டியைத் திறந்தாள், மாவை எடுத்து உருட்டினாள், குழிக்குள் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அமத்தினாள். மூக்கின் குழிக்குள் பெருவிரலால் அழுத்தி இறக்கினாள். நூறு எண்ணும் நேரம் பொறுத்து, ஓரத்தைக் கிளப்பி, முழுதாக எடுத்தாள். மா ஒட்டாமல் வந்தது. உள்ளே எண்ணெய் பூசியிருந்தது.

திருப்பிப் பார்த்தாள். முட்டைக் கோது போல வழுவழுவென்றிருந்தது. மூக்கில்லை. வாயில்லை.

விளக்கைக் கிட்டப் பிடித்தாள். அச்சுக்குள் தம்பியின் முகம் இருந்தது, விரலை விட்டால் மூக்கின் பள்ளம் தட்டுப்பட்டது, உதட்டின் வரி தட்டுப்பட்டது. மாவை மறுபடி உருட்டினாள். மறுபடி அமத்தினாள், இந்த முறை முழங்கையின் பலம் முழுவதையும் போட்டு. எடுத்தாள்.

வழுவழுப்பு.

"தராதாம்," என்றாள் வாய்விட்டு. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆத்திரம் வந்தது. அம்மா அங்கே கட்டிலில் கையை விரித்துக்கொண்டு கிடக்கிறாள், இங்கே ஒரு சாந்துக் குழி முகத்தை ஒளித்து வைத்து விளையாடுகிறது. அந்த ஆத்திரத்தில்தான் முதுகுப் பக்கத்துச் சத்தத்தை அவள் கவனிக்கவில்லை. கவனித்தபோது அது தொடங்கிக் கனநேரம் ஆகியிருந்தது.

விசில் சத்தம். மெல்லிய, ஈரமான விசில். பப்பாசித் தண்டுக்குள்ளால் போய்வரும் மூச்சு. ஒன்றல்ல. சுவர் முழுக்க. இழுத்தது. நின்றது. விட்டது. எல்லாம் ஒன்றாக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவையும் திரும்பும். மேசையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு தம்பியின் முகத்தையே பார்த்தாள். அந்த அறையில் அவளுக்கு வேண்டியவன் அவன் ஒருவன்தான். சின்ன வயதில் அடிபட்டுக் கோபித்துக்கொண்டால் இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டித்தான் சமாதானமாவார்கள். முட்டும்போது அவன் வேண்டுமென்றே பலமாக முட்டிவிட்டு ஓடுவான். அந்த ஒரு நெற்றியைத் தொட்டால் பயம் போய்விடும் என்று பட்டது. குனிந்தாள். குழிக்குள் நெற்றியை வைத்தாள்.

பொருந்தியது.

பதின்மூன்று வயதுப் பொடியனின் முகத்தில் எடுத்த குழி. அது எப்படிப் பொருந்தும்? நெற்றி பொருந்தியது. மூக்கு போய் மூக்கின் பள்ளத்தில் உட்கார்ந்தது. கன்னம். உதடு. இளஞ்சூடு சூடானது. சூடு சுட்டது. தலையைத் தூக்கப் பார்த்தாள்.

பின்தலையில் ஒரு கை.

எண்ணெய்க் கை. பெரிய கை. முரட்டுத்தனம் இல்லை, அவசரமும் இல்லை. வேலை தெரிந்த கை. கொஞ்சம் இடப்பக்கம் சரித்தது. கொஞ்சம் கீழே அமத்தியது. பிடித்துக்கொண்டு நின்றது.

மூச்சு இல்லை. கத்தினாள். சத்தம் சாந்துக்குள்ளேயே நின்றது. கால் மேசையை உதைத்தது. சுவர் முழுக்க விசில், வேகமாக, வேகமாக. அவர்கள் பார்க்கிறார்கள். காத்திருக்கிறார்கள். பொறாமையோடு.

பிறகு விசில் நின்றது. கை எடுபட்டது.

சேற்றிலிருந்து கால் பிடுங்குகிற சத்தத்தோடு அவளுடைய தலை மேலே வந்தது. அறையில் யாரும் இல்லை. சுவரில் அச்சுகள் வெறும் அச்சுகளாகத் தொங்கின. கைத்தொலைபேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் வெளிச்சம் ஓரத்தால் கசிந்தது. ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் கை, பழகின கை, மாவை எடுத்து மறுபடி குழிக்குள் வைத்து அமத்தியது. கடைசியாக ஒருமுறை. அம்மாவுக்காக ஒருமுறை.

எடுத்துப் பார்த்தாள். மூக்கு. மூடிய இமைகள். உதடு. அரைகுறை வெளிச்சத்திலும் ஒரு முகம் முழுதாக அங்கே இருந்தது.

அவளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. பெட்டிக்குள் துணி விரித்து அதை மெதுவாகக் கிடத்தி மூடினாள். அச்சைத் தூக்கித் திரும்ப ஆணியில் மாட்டினாள். மாட்டும்போது அதற்குள் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். ஆனால் பெறுமதியான ஒன்றைக் கையில் வைத்திருக்கிறவர்கள் பின்னால் பார்ப்பதில்லை.

நடையில் வரும்போதுதான் கவனித்தாள், எண்ணெய் மணம் இல்லை. அது மட்டுமல்ல, எந்த மணமும் இல்லை. மழை மணம், பழைய சுவர் மணம், ஒன்றுமில்லை. கண்ணும் ஒரு மாதிரியாக இருந்தது, நுளம்புவலைக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கிற மாதிரி. மேசையில் சிவபாக்கியம் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தாள். லோஜனாவின் காலடியைக் கேட்டதும் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். நேராக, நிதானமாக, கனநேரம் பார்த்தாள்.

"அவர் இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்," என்றாள். பையை எடுத்து நீட்டினாள். "நல்லா வந்திருக்கு."

கண்டுபிடித்துவிட்டாளா? லோஜனா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சால்வையைத் தலைக்கு மேலால் போட்டு முகத்தைக் குனிந்தபடி வெளியே மழைக்குள் ஓடினாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. மதிலோரம் நின்ற மான்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒழுங்கையின் மேற்பக்கமாகப் பாய்ந்தன.

சந்தியில் பஹ்மியின் முச்சக்கரவண்டி காத்து நின்றது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான். வரும்போது மகள் அப்ராவின் புலமைப்பரிசில் பரீட்சைக் கதையை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் ஏறி இருந்ததும், "வேலை முடிஞ்சுதா, தங்கச்சி?" என்று கேட்டபடி முன் கண்ணாடியில் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை. கண்ணாடியை ஒரு கையால் மேலே திருப்பிவிட்டான். உப்புவெளி தாண்டும் வரை உதடு மட்டும் ஓதிக்கொண்டே இருந்தது. நடுவில் யா அல்லாஹ் என்று வந்தது மட்டும் அவளுக்குக் கேட்டது. லோஜனா என்னவென்று கேட்க நினைத்தாள். உதடு மரத்துப்போய்க் கிடந்தது. சாந்துச் சூடு பட்டதால் இருக்கும். கையால் தொட்டுப் பார்த்திருக்கலாம், ஆனால் இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்தன. வண்டி பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது முகம் நசிந்துவிடக் கூடாது. சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டி வீட்டு ஒழுங்கையின் முகப்பில் வண்டியை நிறுத்தினான். அவள் இறங்கிக் கால் ஊன்றுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

ஊரிலும் மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டு லக்சாயினி அம்மாவுக்குத் தேநீர் கொடுத்து, குசினியில் ஒரு விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த வெளிச்சம் அறை வாசலோடு நின்றது. அம்மா தலையணையில் சாய்ந்து இருந்தாள்.

"லோஜியோ? ஏன் பிள்ளை சத்தமில்லாமல் வாறாய்? கொண்டந்தனியோ?"

லோஜனாவால் பேச ஏலவில்லை. தொண்டையில் குரல் இருந்தது. அது வெளியே வர வழியில்லாமல் நின்றது. பரவாயில்லை. பேச்சு பிறகு. கட்டிலருகே நின்று, பெட்டியைத் திறந்து, துணியோடு எடுத்து, அம்மாவின் மடியில் வைத்தாள்.

அம்மாவின் விரல்கள் அதன் மேல் இறங்கின. நெற்றியைத் தொட்டன. புருவத்தைத் தொட்டன. மூக்குத் தண்டால் இறங்கி உதட்டில் நின்றன. அம்மாவின் முகம் மலர்ந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த மலர்ச்சியைப் பார்க்கிறோம் என்று லோஜனாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

"என்ர ராசா," என்றாள் அம்மா. "என்ர..."

விரல்கள் நின்றன. திரும்பிப் போய் இடப்புருவத்தின் முடிவில் எதையோ தேடின. அழுத்திப் பார்த்தன.

"இதென்ன பிள்ளை, இந்தத் தழும்பு? கிணத்துக் கட்டில விழுந்து வெடிச்சது நீயெல்லோ. அவனுக்கு இதில ஒண்டும் இல்லையே." இன்னொரு முறை முழுவதும் தடவினாள், இந்த முறை வேகமாக. "பல்லும் இல்லை. இது அவன் இல்லை. இது உன்ர முகமெல்லோ! அவன்ரயைக் கேட்டன், ஏன் பிள்ளை உன்ரயைக் கொண்டந்து தாறாய்?"

இல்லை அம்மா என்று சொல்ல லோஜனா வாயைத் திறக்கப் பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை.

அம்மா ஒரு கையை மடியில் இருந்த முகத்தின் மேல் வைத்தபடியே மற்றக் கையை நீட்டி, ஒவ்வொரு பின்னேரமும் தேடுவது போல மகளைத் தேடினாள். கை சால்வையைத் தொட்டது. சால்வையை விலக்கி, தலைமயிர் தொடங்கும் இடத்தைக் கண்டுகொண்டு, அங்கிருந்து வழமை போல இறங்கியது. இறங்கியது. எதிலும் தடைப்படவில்லை. ஒரே வழுக்கலாகத் தாடைக்கு வந்து சேர்ந்தது.

அம்மா சற்று யோசித்தாள். பிறகு, கோபமில்லாமல், களைத்த குரலில் சொன்னாள்.

"அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறியே. என்ர பக்கம் திரும்பு, லோஜி."

லோஜனா அம்மாவைப் பார்த்தபடிதான் நின்றாள். அம்மாவின் கை மறுபடியும் மேலே போய், நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது.